அமாவாசை அன்று எரிந்த பச்சை விளக்கு

போன மாதம் நம் காற்று மாசுத் திட்டத்தின் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்து வந்தேன். கேள்வி நேரத்தில் உங்களில் ஒருவர் எழுந்தார். "மேடம், மத்த ஊர்ல எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு, மூணே கலர்தான். ஆரணியில மட்டும் எதுக்கு நாலாவதா வெள்ளை? மேப்ல பாத்தா ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. எடுத்துடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். "வேணாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல கேள்விதான். நின்றபடி பதில் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரவில்லை. உட்கார்ந்து எழுதினால் வரும் என்று பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு விளக்கைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. சிவப்பு எரிந்தால் நாலு பேர் போன் செய்வார்கள், இரண்டு பேர் திட்டுவார்கள், யாராவது போய்ப் பார்ப்பார்கள். எனக்குப் பயமெல்லாம் பச்சையிடம்தான். பச்சை எரிந்தால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. நானே பார்த்ததில்லை.

நம் திட்டம் ஆரணிக்கு வந்த புதிதில் காற்றை அளக்கும் பெட்டிகளை மாட்டச் சுவர் தேடி வீடு வீடாக அலைந்தேன். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒளியைப் பாய்ச்சித் தூசை எண்ணும். எண்ணியதை நம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்து நிறத்தைத் திருப்பி அனுப்ப, பெட்டியின் அடியில் இருக்கும் சின்ன விளக்கு அந்த நிறத்தில் எரியும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் தெருவில் ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். அங்கே பத்து வீட்டுக்கு ஒரு சாயக் கூடம். விடியற்காலையிலேயே உமியும் விறகும் போட்டு அடுப்பு மூட்டி, கொப்பரையில் நூலைக் கொதிக்க வைத்துவிடுவார்கள். புகையும் ஆவியுமாகத் தெருவே மூடிக்கொள்ளும். அந்தத் தெருவில் சுவர் கொடுத்தவள் குமுதா. முள்ளிப்பட்டில் பிறந்து ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்குள்ளேயே தறி. அவளும் அவள் புருஷனும் மாறி மாறி நெய்வார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் அவளுக்கு இரைப்பு முற்றியிருந்தது. பேச்சுக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். உள்ளிழுக்கும் மருந்தை இடுப்பில் செருகியபடியே தறியில் உட்காருவாள்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. மாட்டிய ஒரு வாரத்தில் அவள் வீட்டுப் பெட்டி பூஜ்யம் காட்டியது. ஊரிலேயே புகை அதிகமான தெருவில் தூசே இல்லையாம்! போய்ப் பார்த்தால், பெட்டிக்கு மேல் பாலிதீன் பையைப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது.

"யாரு கட்டினது இதை?" என்று வாசலிலேயே கத்தினேன். எனக்குக் குரல் எப்போதும் பெரிது.

"நாந்தான் மேடம்" என்றபடி வெளியே வந்தாள். "மழ வர்ற மாதிரி இருந்துச்சு. நனைஞ்சி கெட்டுப்போச்சுன்னா எங்கள கேப்பீங்களேன்னுதான் கட்டினேன். நல்லதுக்குத்தானே பண்ணேன், அதுக்கு எதுக்கு இப்டி சத்தம் போட்டுகினு கீறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். இது எதற்கு, விளக்கு எதற்கு என்று விவரமாகக் கேட்டாள். அவளுக்கு நிறங்களைச் சொல்லிக் கொடுத்தேன். சமையல் மூலையில் தெருவின் பின்சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. சாயக் கூடங்களின் அடுப்புகளெல்லாம் அந்தச் சந்துப் பக்கம்தான். அதனால் அதை எப்போதும் சாத்தியே வைத்திருந்தாள். "மாசத்துல ஒரு நாளு மட்டும் தொறப்பேன் மேடம், அமாவாசைக்கு" என்றாள். நெசவுக்காரர்கள் அமாவாசையன்று தறி ஏற மாட்டார்கள். சாயக் கூடத்திலும் அடுப்பு எரியாது. "அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு. அமாவாச எப்ப வரும்னு காலண்டர பாத்துகினே இருப்பேன்."

நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்: "இனிமே காலண்டர் எதுக்கு? வெளிய வந்து விளக்கைப் பாரு. பச்சைன்னா பயமில்லாமத் தொற. மஞ்சள், சிவப்புன்னா சாத்திடு. அவ்ளோதான்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்று தோற்றுப்போனது இது.

அடுத்து வந்தது பெரிய பேஜார். பையைப் பிரித்த நாளிலிருந்து குமுதா வீட்டு விளக்கு காலையில் சிவப்பாகவே எரிந்தது. நம் பெட்டிக்கு ஒரு குறை உண்டு, படித்திருப்பீர்கள். நீராவித் துளியும் அதன் கண்ணுக்குத் தூசுதான். கொப்பரையைத் திறந்தால் போதும், எண் எகிறிவிடும். சாயக் கூடக்காரர்கள் கூட்டமாக ஆபீஸுக்கு வந்தார்கள். "எங்க தெருவ மட்டும் செவப்பா காட்டிகினு இருந்தா ஊரு இன்னா நெனைக்கும் மேடம்? நீங்களே ஒரு வாட்டி வந்து பாருங்க, முக்காவாசி வெறும் ஆவிதான்" என்றார்கள். மேலிடத்திலிருந்தும் தினம் ஒரு போன். நான் சும்மா இருக்கவில்லை. வடிதாளில் தூசைப் பிடித்து எடை போடும் பெரிய கருவியைக் கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து நாலு நாள் ஒப்பிட்டேன். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரிதான். திடீரென்று எகிறிய எண்களில் பெரும்பகுதி ஆவி.

உடனே ஒரு விதி எழுதினேன். சாயத் தெருப் பெட்டியில், காலை ஐந்திலிருந்து பத்துக்குள், காற்றில் ஈரம் அதிகமாக இருந்து, எண்ணும் சட்டென்று எகிறினால் அதை ஆவி என்று வைத்துக்கொள். அந்த எண்ணைத் தள்ளிவிடு. அதற்கு முன்னால் கிடைத்த நல்ல எண்ணையே காட்டு. அவ்வளவுதான் விதி. தள்ளிய எண்கள் வேறொரு பட்டியலில் சேரும். விளக்கு அமைதியானது, போன் நின்றது, மேலதிகாரி பாராட்டினார். நான்கூடப் பெருமைப்பட்டேன். ஒரு ஆவிக்கு இத்தனை பேர் பயந்தார்களே, ஒரு விதியில் முடித்தேன் பார் என்று.

நான் ஒப்பிட்ட அந்த நாலு நாளும் வேலை நாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் பெரணமல்லூர் பக்கம் கூலிக்கார வீட்டுப் பெண். நாற்று நடப் போகிறவர்களுக்கு அமாவாசை ஏது, பௌர்ணமி ஏது? வேலை இருந்தால் போவோம். நெசவுக்காரர் தெருவுக்கு விதி எழுதிய நான் அவர்கள் காலண்டரைப் பார்க்கவில்லை. குமுதா வாயால் கேட்டும் பார்க்கவில்லை.

இனி அந்த நாள்.

தை மாதம், நல்ல பனி. மாத அறிக்கை அனுப்ப வேண்டியிருந்ததால் ஆறரைக்கே ஆபீஸுக்கு வந்துவிட்டேன். வரும்போது ஸ்கூட்டியின் முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். மேப்பில் ஆரணி முழுக்கப் பச்சை. சாயத் தெருவும் பச்சை. தள்ளிய எண்களின் பட்டியலைத் திறந்தேன். ஆறு மணியிலிருந்து சாயத் தெருவின் எண்கள் வரிசையாக அதில் விழுந்துகொண்டிருந்தன. விதி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு அறிக்கையில் உட்கார்ந்தேன்.

ஆபீஸ் பெருக்கும் தங்கம் வாளியோடு உள்ளே வந்தாள். "இன்னிக்கி டீ லேட்டாவும் மேடம். கட தொறக்கல" என்றாள்.

"ஏன்?"

"இன்னா மேடம், தை அமாவாச இல்ல? பாதி ஊரு ஆத்தாங்கரைக்குத் திதி குடுக்கப் போயிகினு கீது. நெசவுக்காரங்க தெருவுல ஈ காக்கா இல்ல. நான் அந்த வழியாத்தான் வந்தேன், பனி வேற, எனுக்கே பயமா இருந்துச்சு."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு வரி அடித்திருப்பேன். விரல் நின்றுவிட்டது.

அமாவாசை. அடுப்பு இல்லை. கொப்பரை இல்லை. அப்படியானால் ஆவி ஏது?

மறுபடி பட்டியலைத் திறந்தேன். இப்போது அதன் நீளம் இரண்டு மடங்கு.

இங்கேதான் நான் உங்களிடம் உண்மையாக இருக்க வேண்டும். உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். நான் ஓடவில்லை. பத்து நிமிஷம் நாற்காலியிலேயே இருந்தேன். பனியாக இருக்கும், பனியும் நீர்த்துளிதானே, பெட்டி ஏமாந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து அங்கே வெறும் பனி மட்டும் இருந்தால் ஊர் சிரிக்குமே என்று யோசித்தேன். நாமே தப்பு என்று முத்திரை குத்தித் தள்ளிய எண்ணை நம்பி வண்டியை வரவழைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு, பக்கத்துத் தெருப் பெட்டியைப் பார்த்தேன். அங்கேயும் அதே பனிதான், ஆனால் எண் எகிறவில்லை. சாயத் தெரு எண்களைக் கோடாகப் போட்டுப் பார்த்தேன். ஆவி என்றால் கொப்பரையைத் திறக்கத் திறக்க ஏறும், மூட மூட இறங்கும். இந்தக் கோடு இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

குமுதாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

இன்று அமாவாசை. விளக்கு பச்சை. அவள் ஜன்னலைத் திறந்திருப்பாள். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

"தங்கம், பயர் சர்வீஸுக்குப் போன் பண்ணு! சாயத் தெரு பின்சந்துன்னு சொல்லு. ஆம்புலன்ஸும் சொல்லு."

"எங்க மேடம் நெருப்பு? இன்னா சொல்லணும்?"

"எனக்கே தெரியாது! நான் சொன்னேன்னு சொல்லு. ஜல்தி!"

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பனியில் பித்தளைச் சொம்போடும் மஞ்சள் பையோடும் ஆட்கள் ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். சாயத் தெரு முனையில் திரும்பினால் ஒரே வெள்ளை. வீடு தெரியவில்லை, கம்பம் தெரியவில்லை. துண்டால் காதை மூடிக்கொண்டு எதிரே வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா பனி மேடம் இன்னிக்கி! இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல" என்றார்.

அவர் பேசி முடிக்குமுன் வாசனை வந்துவிட்டது. கருகிய உமி. கூடவே பிளாஸ்டிக் உருகும் நாற்றம். தொண்டை எரிந்தது.

"ஐயா, இது பனி இல்ல! புகை!" என்று கத்தினேன். "என் கூட வாங்க!"

அவர் ஒரு கணம் மூக்கை உறிஞ்சினார். முகம் மாறிவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார். வழியில் இருந்த இரண்டு கதவுகளை நான் தட்டிக்கொண்டே ஓடினேன். பூட்டியிருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் ஆற்றங்கரையில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

குமுதா வீட்டுச் சுவரைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளே, பச்சையாக. இன்றும் கண்ணை மூடினால் அந்தப் பச்சைதான் எனக்கு முதலில் வருகிறது.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "குமுதா! குமுதா!" என்று அடித்தேன். பதில் இல்லை. பெரியவர் என்னை ஒதுக்கிவிட்டுத் தோளால் இடித்தார். மூன்றாவது இடிக்குத் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே கண் திறக்க முடியவில்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. பின்ஜன்னலின் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடக்க, அது வழியாகப் புகை உருண்டு உருண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. குமுதா தறிக்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். உதடு நீலம். மருந்துக் குழாய் கையிலேயே இருந்தது, அழுத்தத் தெம்பு இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

நாங்கள் இரண்டு பேருமாக அவளைத் தெரு முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தோம். என் மடியில் அவள் தலை. மூச்சு போகிறதா வருகிறதா என்று புரியவில்லை. "குமுதா, மூச்ச விடு. என்னப் பாரு. மூச்ச விடுடி" என்று எதையோ உளறினேன். நான் யார் பெயரையும் சொல்லிக் கும்பிடுகிறவள் இல்லை. அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வரும் சத்தம் கேட்கும்வரை எனக்கு இருந்த பயத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. அவள் செத்துவிடுவாள் என்ற பயம் ஒன்று. அவள் செத்தால் அது நான் செய்த கொலை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பயம் இன்னொன்று. எது பெரிதாக இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் அரை மணியில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்சந்தில் ஒரு சாயக் கூடத்தின் உமிக் கொட்டகை. மறுநாள் லீவு என்பதால் முந்தின நாள் இரண்டு பங்கு வேலையை ஓட்டியிருக்கிறார்கள். கிளம்புகிற அவசரத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டகை ஓரமாகவே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கனல் இருந்திருக்கிறது. குவித்து வைத்த உமி கொழுந்துவிட்டு எரியாது, புகையும். அந்தக் கனல் ராத்திரி முழுக்க உமிக்குள்ளேயே நகர்ந்து, விடிகிற நேரத்தில் அங்கே குவித்திருந்த நூல் சுற்றும் பிளாஸ்டிக் கோன்களைப் பிடித்திருக்கிறது. வேலை நாளாக இருந்தால் நாலு மணிக்கே யாராவது வந்து பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் குமுதாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்ல மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு முன்னாலேயே ஆற்றங்கரையிலிருந்து அவள் புருஷன் ஈர வேட்டியோடு ஓடி வந்தான். விரலில் தர்ப்பை மோதிரம்கூடக் கழற்றவில்லை. என் காலில் விழப் பார்த்தான்.

"நீங்க இல்லன்னா என் பொண்டாட்டி இல்ல மேடம். அந்தப் பொட்டி இல்லன்னா இல்ல" என்றான்.

அவனைத் தூக்கி நிறுத்தினேன். உள்ளே போய் அவளைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் அசிங்கம். ஊரே பெட்டியைப் பாராட்டியது. காற்றுப் பெட்டி காப்பாற்றிய உயிர் என்று பேச்சு. மேலதிகாரி போனில் குதித்தார். "பிரமாதம்மா! உங்க சாயத் தெரு விதி எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு அனுப்புங்க. இன்னும் ரெண்டு ஊர்ல சாயப் பட்டறை இருக்கு, அங்கயும் அப்படியே போட்டுடலாம்" என்றார். நான் "சரி சார்" என்றேன். ஆமாம், சரி சார் என்றுதான் சொன்னேன். விதியை ஆரணியில் மட்டும் சத்தமில்லாமல் அணைத்துவிட்டேன். பைலை அனுப்பவும் இல்லை, ஏன் அனுப்பவில்லை என்று சொல்லவும் இல்லை. ஒன்பது நாள் இப்படி ஓட்டினேன். பட்டியலை யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு போனுக்கும் திடுக்கிட்டேன். யாரும் பார்க்கவில்லை. விளக்கு பச்சையாக எரிந்ததை அந்தப் பனியில் பார்த்தவர்கள் நானும் குமுதாவும்தான்.

பத்தாம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்திருந்தாள். இளைத்துக் கருத்துப் போயிருந்தாள். புருஷன் தறியில் இருந்தான். டீ போடப் போனவளைத் தடுத்து உட்கார வைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி நான் தொறக்கறதுக்கு முன்னாடி வெளிய வந்து வௌக்கப் பாத்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு. நெசமா பாத்தேன். அது செவப்பா இருந்து நாந்தான் தப்பா பாத்துட்டேனா?"

தறியிலிருந்து அவள் புருஷன் குரல் வந்தது. "அதத்தான் தெனம் சொல்லிகினு கீறேன். பொட்டி சரியாத்தான் காட்டியிருக்கும். உனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சு. எங்க பாத்துகினு இருந்தியோ!"

"இல்லைய்யா, பச்சைதான்..." என்றாள். அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பனியில தெரியலயோ இன்னாவோ மேடம். என் தப்புதான்."

அவள் கண்ணையே அவள் நம்பவில்லை. என் பெட்டியை நம்பினாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நீ பாத்தது சரி குமுதா. பச்சைதான் எரிஞ்சுது. நான்தான் எரிய வச்சேன்" என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆவி, விதி, தள்ளிய எண், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷம்கூட. அவள் புருஷன் தறிக்குழியிலிருந்து எழுந்தவன் எழுந்தபடியே நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

குமுதா அழுதாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு. அந்தக் கோபத்தில் அவளுக்கு இரைத்தது, நான் பயந்து எழுந்தேன், கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னா மேடம் இது? நெசமா இன்னா கீதுன்னு உங்குளுக்கே தெரியல. அப்ப தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு நல்லா கீதுன்னு சொன்னீங்க? தெரியலைன்னு ஒரு கலரு கெடயாதா உங்க பொட்டியில?"

கிடையாது. முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்திருக்கிறேன். அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு மாலையே மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவர் கெட்டவர் இல்லை. போன் செய்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. இதை இப்போ வெளியில கொண்டு வரணுமா?" என்று கேட்டார். "ஆயிருக்கு சார்" என்றேன். விதி மற்ற ஊர்களுக்குப் போகவில்லை. எனக்கு மெமோ வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள். ஆரணிப் பெட்டிகளில் மட்டுமாவது நாலாவதாக ஒரு நிறம் வைக்க இன்னும் எட்டு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. எண்ணில் சந்தேகம் வந்தால் பழைய எண்ணைக் காட்டாதே, வெள்ளையை எரியவிடு, ஒரு ஆளை நேரில் அனுப்பு. நீங்கள் மேப்பில் ஓட்டை என்று சிரித்தது இதைத்தான்.

உங்களிடம் இப்போது என்னைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆவியையும் தூசையும் பிரிக்கிற கணக்கெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் ஒரு எண்ணைத் தள்ளுகிறபோது, எந்தத் தெருவில் தள்ளுகிறீர்களோ அந்தத் தெரு என்றைக்கு அடுப்பு மூட்டும், என்றைக்கு மூட்டாது என்று அங்கே போய்க் கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். மேப் அழகாக இல்லை என்று வெள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கிறவர் யாராக இருந்தாலும் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஆரணிக்கு வாருங்கள். நானே ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சென்ற அமாவாசையன்று அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். வெயில் நன்றாக வந்திருந்தது. ஒரு கூடத்திலும் அடுப்பில்லை. பெட்டியில் பச்சை எரிந்தது. கையில் இருந்த சின்னக் கருவியை வைத்து நானே பார்த்தேன், உண்மையான பச்சைதான். குமுதா வாசலில் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்று சிரித்தாள். உள்ளே போனேன். அவள் சமையல் மூலைக்குத் திரும்பிப் போய் வேர்த்து வழிய வடை சுட ஆரம்பித்தாள்.

பின்ஜன்னல் சாத்தியிருந்தது. நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தது.